அறுந்த பிறகா, அறுவதற்கு முன்பா?

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், சிறுமலையை வலப்பக்கம் பார்த்தபடி வந்தால் காந்திகிராமம் வரும். அதை அடுத்துள்ள நெசவாளர் ஊர் சின்னாளப்பட்டி. சுங்குடிச் சேலைக்கும் செயற்கைப்பட்டுச் சேலைக்கும் பெயர் பெற்ற ஊர் இது. இங்கே ஒரு கைத்தறியின் அருகே சற்று நேரம் நின்று பாருங்கள். நெசவாளர் கைப்பிடியை ஒரு வெட்டு வெட்டி இழுக்கிறார். நூல் ஏற்றிய நாடா பாவு இழைகளின் நடுவே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்திற்குப் பாய்கிறது. மறுபடி ஓர் இழுப்பு. நாடா திரும்பி வருகிறது. ஒரு சேலை முடிவதற்குள் இப்படிப் பல ஆயிரம் முறை.

நாடாவை இப்படிப் பறக்க வைப்பது எது? கைப்பிடியில் கட்டிய ஒரு கயிறு. அது இரு பக்கமும் உள்ள சிறு கட்டைகளை இழுக்கிறது; கட்டை நாடாவை அடித்துத் தள்ளுகிறது. இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்றும் கோடிக்கணக்கான கெஜம் துணி இதே முறையில் நெய்யப்படுகிறது.

அந்தக் கயிற்றின் விலை அற்பம். ஆனால் நெசவின் நடுவே அது அறுந்தால் என்ன ஆகும்? நாடா பாதி வழியில் நின்றுவிடலாம். கவனிக்காமல் பலகையை அடித்துவிட்டால் பாவு இழைகள் அறும். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிய வேண்டும். சேலையில் பிசிறு தெரிந்தால் கூலியில் பிடித்தம் வரும். சில ரூபாய்க் கயிறு அரை நாள் கூலியைத் தின்றுவிடும்.

அப்படியானால் கயிற்றை எப்போது மாற்றுவது? அறுந்த பிறகா, அறுவதற்கு முன்பா? முன்பு என்றால் எவ்வளவு முன்பு? மாணவர்களே, சிறு கேள்விபோலத் தோன்றும் இதுவே ஆகாய விமானத்துக்கும், மின் நிலையத்துக்கும், உங்கள் ஊர் அடிபம்புக்கும் உள்ள கேள்வி. இதற்கு ஊகத்தால் அல்ல, கணக்கால் விடை காண முடியும்.

மூன்று மீன்கள்

ஒரு குளத்தில் மூன்று மீன்கள் இருந்த கதை உங்களுக்குத் தெரியும். ஒன்று வருமுன் காப்போன். ஒன்று வரும்போது காப்போன். மற்றது வந்தபின் பார்ப்போம் என்று இருந்தது. வலைஞர் வந்தபோது மூன்றாவது மீன் மாட்டிக்கொண்டது. ‘எப்போதும் வருமுன் காக்க வேண்டும்’ என்று பாடம் படித்தோம்.

இயந்திரங்களைப் பராமரிப்போரிடமும் இதே மூன்று வழிகள் உண்டு. பழுதாகுமுன் குறித்த நாளில் பாகத்தை மாற்றுவது ஒன்று. பழுதின் அறிகுறி தெரியும்போது மாற்றுவது இரண்டு. பழுதான பிறகு மாற்றுவது மூன்று. கதையில் வென்றது முதல் மீன். இயந்திர உலகிலும் முதல் மீன்தான் எப்போதும் வெல்லுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூறு தறிகள், நூறு கயிறுகள்

நூறு தறிகளில் ஒரே நாளில் நூறு புதுக் கயிறுகள் கட்டியதாக வைத்துக்கொள்வோம். (பின்வரும் எண்கள் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை.) முதல் மாதத்தில் அறுந்தவை 2. இரண்டாம் மாதத்தில் 4. மூன்றாம் மாதத்தில் 10. நான்காம் மாதத்தில் 24. ஐந்தாம் மாதத்தில் 30. மீதி 30-ம் ஆறாம் மாதத்தில் அறுந்தன. வயது ஏற ஏறக் கயிறு நைந்து, அறும் வாய்ப்புக் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஓய்வு நேரத்தில் திட்டமிட்டு மாற்றினால் கயிறு, கைவேலை எல்லாம் சேர்த்து ரூ. 50 செலவு. நெசவின் நடுவே அறுந்தால் வேலை இழப்பு, இழை முடிதல், துணிச் சேதம் எல்லாம் சேர்த்து ரூ. 300 செலவு.

மூன்று மாதம் ஆனதும் எல்லாக் கயிற்றையும் மாற்றிவிடுவது என்று ஒரு விதி வைத்துப் பார்ப்போம். அதற்குள் 2 + 4 + 10 = 16 கயிறுகள் அறுந்துவிடும். அவற்றின் செலவு 16 × 300 = ரூ. 4,800. மீதி 84 கயிறுகளை நாமே மாற்றுகிறோம். செலவு 84 × 50 = ரூ. 4,200. ஆக மொத்தம் ரூ. 9,000.

இந்தச் செலவுக்கு நமக்குக் கிடைத்த உழைப்பு எவ்வளவு? அறும் கயிறு அந்த மாதக் கடைசியில் அறுவதாக எளிமைக்காகக் கொள்வோம். முதல் மாதம் 100 கயிறுகளும் உழைத்தன. இரண்டாம் மாதம் 98. மூன்றாம் மாதம் 94. மொத்தம் 292 ‘கயிறு-மாதங்கள்’. 9,000-ஐ 292-ஆல் வகுத்தால், ஒரு தறிக்கு மாதம் ஒன்றுக்குச் சுமார் ரூ. 31 ஆகிறது.

இதே முறையில் மற்ற விதிகளுக்கும் கணக்கிட்டால் கிடைப்பது இது:

1 மாதத்தில் மாற்றினால் — மாதச் செலவு ரூ. 55
2 மாதத்தில் மாற்றினால் — ரூ. 33
3 மாதத்தில் மாற்றினால் — ரூ. 31
4 மாதத்தில் மாற்றினால் — ரூ. 40
5 மாதத்தில் மாற்றினால் — ரூ. 52
அறும்வரை விட்டுவிட்டால் — ரூ. 64

இந்த எண்களை வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள். கோடு முதலில் இறங்கி, அடியைத் தொட்டு, பிறகு ஏறும். பள்ளத்தின் அடியே மிகச் சிக்கனமான இடம். அதற்கு இடப்பக்கம் நல்ல கயிற்றை வீணே தூக்கி எறிகிறோம். வலப்பக்கம் அறுந்த கயிற்றுக்குத் தண்டம் கட்டுகிறோம். அறும்வரை விட்டுவிடும் நெசவாளருக்கு, மூன்று மாதத்தில் மாற்றுபவரைப்போல இரு மடங்கு செலவு!

சராசரி ஏமாற்றும்

இந்தக் கயிறுகளின் சராசரி ஆயுள் என்ன? கணக்கிட்டால் 4.66 மாதம் வருகிறது. ‘சராசரி நாலரை மாதத்துக்கு மேல் வருகிறது, ஆகையால் நான்கு மாதத்தில் மாற்றினால் போதும்’ என்று சொல்லத் தோன்றும். அதைச் செய்தால் மாதம் ரூ. 40 ஆகும், ஏனென்றால் நான்கு மாதம் முடிவதற்குள் நூற்றில் 40 கயிறுகள் அறுந்துவிடுகின்றன. சராசரி ஆயுள் மட்டும் தெரிந்தால் போதாது. ஆயுள்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதும், பழுதின் செலவு திட்டமிட்ட மாற்றத்தின் செலவைப்போல எத்தனை மடங்கு என்பதும் தெரிய வேண்டும்.

பட்டியலில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் வேறுபாடு இரண்டே ரூபாய். பள்ளத்தின் அடி கிண்ணத்தின் அடிபோல ஏறக்குறையத் தட்டையானது. இது நெசவாளருக்கு ஒரு சுதந்திரத்தைத் தருகிறது. ஒரு பாவு நெய்து முடிந்ததும் அடுத்த பாவைப் பிணைக்கும்வரை தறி எப்படியும் சும்மா நிற்கும். அந்த வேளையில் கயிற்றை மாற்றினால் வேலை இழப்பு இல்லை. இரண்டரை மாதத்தில் பாவு முடிகிறதா? அப்போதே மாற்றிவிடலாம். இன்னும் பதினைந்து நாள் உழைக்குமே என்று தயங்க வேண்டியதில்லை. சற்று முந்தினால் நட்டம் சிறிது. ஒரு மாதம் பிந்தினால் நட்டம் பெரிது.

பெரிய ஆலைகளும் இதைத்தான் செய்கின்றன. ஏதோ ஒரு காரணத்துக்காக இயந்திரத்தை நிறுத்தும்போது, தவணை நெருங்கிய மற்றப் பாகங்களையும் சேர்த்தே மாற்றிவிடுவார்கள்.

முள்ளுக்கு வயது தெரியாது

இனி முதல் மீன் தோற்கும் இடத்தைப் பார்ப்போம். சீமைக் கருவேலம் மண்டிய பாதையில் தினமும் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறீர்கள். மாதத்துக்கு ஐந்தில் ஒரு சைக்கிளுக்கு முள் குத்தி, ட்யூபை மாற்ற வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். வழியில் மாட்டிக்கொண்டால் செலவு அதே ரூ. 300, வீட்டிலேயே முன்கூட்டி மாற்றினால் ரூ. 50.

மாதாமாதம் புது ட்யூப் போட்டால் என்ன ஆகும்? நூறு சைக்கிளில் 20-க்கு முள் குத்தும், செலவு ரூ. 6,000. மீதி 80-ஐ நாமே மாற்ற ரூ. 4,000. சைக்கிளுக்கு மாதம் ரூ. 100! முள் குத்தும்வரை விட்டுவிட்டாலோ, ட்யூபின் சராசரி ஆயுள் ஐந்து மாதம். 300-ஐ 5-ஆல் வகுத்தால் மாதம் ரூ. 60-தான்.

காரணம் எளிது. முள்ளுக்குப் புது ட்யூபும் ஒன்றுதான், பழைய ட்யூபும் ஒன்றுதான். வயதால் வராத பழுதை, வயதைக் குறைத்துத் தடுக்க முடியாது. இங்கே வந்தபின் பார்க்கும் மூன்றாவது மீனே சிக்கனமானது. கையோடு ஒரு பஞ்சர் ஒட்டும் பெட்டி வைத்திருந்தால் போதும்.

ஆக, முன்கூட்டி மாற்றுவது பயன்தர இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். ஒன்று: வயது ஏறினால் பழுதாகும் வாய்ப்பும் ஏற வேண்டும். இரண்டு: பழுதான பின் ஆகும் செலவு, முன்கூட்டி மாற்றும் செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தவணை வைத்து மாற்றுவது வீண்.

பழுது பார்த்ததால் வந்த பழுது

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரக் காவல் பிரிவு, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி விமானங்களை அனுப்பி வந்தது. குறித்த மணி நேரம் பறந்ததும் ஒவ்வொரு விமானமும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. அங்கே பணியாற்றிய அறிவியலாளர் குழுவில் உயிரியல் அறிஞர் சி. எச். வாடிங்டன் ஒருவர். பரிசோதனைக்குப் பின் எத்தனை மணி நேரத்தில் என்னென்ன பழுதுகள் தோன்றின என்பதைப் பதிவேடுகளிலிருந்து எண்ணிப் பார்த்தார்கள்.

பரிசோதனை முடிந்ததும் பழுதுகள் குறைந்து, நாளாக ஆகக் கூட வேண்டும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடந்தது நேர்மாறு. பரிசோதனை முடிந்த உடனேதான் பழுதுகள் மிகுதி. பறக்கப் பறக்க அவை குறைந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி மாட்டியதே பழுதை உண்டாக்கியிருந்தது. போர்க்காலத்தில் இரகசியமாக இருந்த இந்த ஆராய்ச்சிகளை வாடிங்டன் எழுதிய நூல் 1973-ல் வெளிவந்தது.

பிறகு பயணிகள் விமானங்களிலும் இந்தக் கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நவ்லன், ஹீப் என்ற இரு பொறியாளர்கள் 1978-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். விமான பாகங்களின் பழுதுக் கணக்கை அலசியபோது, வயது வரம்பு வைத்தால் பயன் தரக்கூடியவை நூற்றில் 11 மட்டுமே என்று கண்டார்கள். மற்ற 89-க்கும் தவணை வைத்து மாற்றுவதால் பயன் இல்லை. அவற்றில் பெரும்பகுதி, புதிதாகப் பொருத்திய தொடக்கக் காலத்தில்தான் கூடுதலாகப் பழுதாயின.

அப்படியானால் விமானத்தை விழும்வரை விட்டுவிடுவதா? இல்லை. இங்கேதான் வரும்போது காக்கும் இரண்டாவது மீன் வருகிறது. பல பாகங்கள் பழுதாகுமுன் சைகை காட்டுகின்றன. எண்ணெயில் உலோகத் துகள் தென்படும், பேரிங் சூடேறும், அதிர்வு கூடும், உலோகத்தில் மயிரிழைபோன்ற விரிசல் ஓடும். இந்தச் சைகைகளை அளந்து பார்த்து, தேவைப்படும்போது மட்டும் மாற்றுகிறார்கள். சைகை தோன்றுவதற்கும் முழுப் பழுதுக்கும் இடையே எவ்வளவு காலம் இருக்கிறதோ, அதைவிடக் குறுகிய இடைவெளியில் சோதிக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. உயிர்ச்சேதம் நேரக்கூடிய பாகமாக இருந்தால் செலவுக் கணக்கு பின்னால் போய்விடும். பாதுகாப்பே முன்னால் நிற்கும்.

தறியிலும் இது உண்டு. தேர்ந்த நெசவாளர் காலையில் தறியில் இறங்குமுன் கயிற்றை விரலால் உருவிப் பார்ப்பார். பிசிறு தட்டினால் அன்றே மாற்றுவார். தறியின் ஓசை மாறினால் எந்த இடம் தளர்ந்தது என்று சொல்லிவிடுவார். விமானத்தின் அதிர்வை அளக்கும் கருவி செய்வதும் இதைத்தான்.

அடிபம்பு சொன்ன பாடம்

இதுவரை ஒரு கேள்வியை நாம் கேட்கவில்லை. ரூ. 50, ரூ. 300 என்ற செலவுகளையே மாற்ற முடியாதா? மாற்ற முடியும் என்று காட்டியது நம் தமிழ்நாடு. அது அடிபம்பின் கதை.

திண்டுக்கல் வட்டாரம் போலவே தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். பாறையைத் துளைத்து ஆழ்குழாய்க் கிணறு போடும் பணி 1960-களின் பிற்பகுதியிலிருந்து நாடெங்கும் வேகமாகப் பரவியது. கிணறுகள் வந்தன, ஆனால் அவற்றின் மேல் நின்ற வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு குடும்பத்துக்கு ஏற்றவையே தவிர ஓர் ஊருக்கு ஏற்றவை அல்ல. காலை முதல் இரவு வரை ஓயாமல் அடிபட்டு அவை உடைந்தன. 1970-களின் நடுவில் எண்ணிப் பார்த்தபோது, முக்கால்வாசிப் பம்புகள் வேலை செய்யவில்லை எனத் தெரிந்தது. தண்ணீர் அடியில் இருந்தும் பெண்கள் குடத்தோடு நெடுந்தூரம் நடந்தார்கள்.

இந்திய அரசும், யுனிசெப் நிறுவனமும், சென்னையில் ஆலை வைத்திருந்த ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் நிறுவனமும் சேர்ந்து உறுதியான எஃகுப் பம்பு ஒன்றை உருவாக்கின. அதுவே ‘இந்தியா மார்க் 2’. 1970-களின் பிற்பகுதியில் உற்பத்தி தொடங்கியது. கூடவே தமிழ்நாட்டில் மூன்றடுக்குப் பராமரிப்பு முறையும் வந்தது. ஊரில் ஒரு காப்பாளர். அவர் போல்ட்டுகளை முடுக்கி, சங்கிலிக்கு கிரீஸ் இடுவார். ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக். மாவட்ட அளவில் வாகனத்துடன் ஒரு பழுதுநீக்கும் குழு.

ஆனாலும் ஒரு சிக்கல் எஞ்சியது. கிணற்றின் ஆழத்தில், பம்பின் உருளைக்குள், பிஸ்டனைச் சுற்றிக் கிண்ண வடிவத் தோல் வாஷர் இருக்கும். மணல் அரிக்க அரிக்க அது தேயும். நம் கயிற்றைப்போலவே வயதால் சாகும் பாகம். முன்கூட்டி மாற்ற வேண்டியதுதானே? இங்கே இரண்டாவது நிபந்தனை இடறியது. மார்க் 2-ல் வாஷரை மாற்ற, கிணற்றுக்குள் தொங்கும் குழாய்த் தொடர் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். உருளை 30 மீட்டர் ஆழத்தில் இருந்தால், மூன்று மீட்டர் நீளமுள்ள பத்து இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழற்ற வேண்டும். அதற்கு வாகனமும் குழுவும் வர வேண்டும். பழுதான பின் மாற்றினாலும் அதே வேலை. பழுதாகுமுன் மாற்றினாலும் அதே வேலை. பணக் கணக்கில் முன்கூட்டி மாற்றுவதற்கு ஆதாயமே இல்லாமல் போயிற்று. குழு வரும்வரை ஊர் காத்திருந்தது.

1983 முதல் 1988 வரை கோயம்புத்தூர் வட்டாரத்தில் பம்புகளை உண்மையான கிணறுகளில் பொருத்தி ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம், உலக வங்கி, யுனிசெப், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஆகியவை அதில் பங்கேற்றன. எந்தப் பாகம் எத்தனை நாளில் பழுதாயிற்று என்று பதிவு செய்துகொண்டே வந்தார்கள். இரண்டு முக்கிய மாற்றங்கள் பிறந்தன.

முதலாவது, தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர். அதன் ஆயுள் மிக நீண்டது. அதாவது செலவுப் பள்ளத்தின் அடி வலப்பக்கம் நகர்ந்தது. மாற்றும் தவணை நீண்டது.

இரண்டாவது, உருளையின் மேல்வாயைத் திறந்துவிட்டு, மேலே செல்லும் குழாயை அகலமாக்கினார்கள். மார்க் 2-ல் 32 மில்லிமீட்டராக இருந்த குழாய் 65 மில்லிமீட்டர் ஆயிற்று. இனி குழாயைக் கழற்ற வேண்டியதில்லை. உள்ளிருக்கும் கம்பிகளை மட்டும் இழுத்தால் பிஸ்டன் குழாய் வழியாகவே மேலே வந்துவிடும். ஓரிருவர் எளிய கருவிகளோடு, உள்ளூரிலேயே வாஷரை மாற்றலாம். இதுவே ‘இந்தியா மார்க் 3’.

அகலக் குழாய்க்கு இரும்பு அதிகம்; வாங்கும் விலையும் அதிகம். அப்படியிருந்தும் ஏன் அதை உருவாக்கினார்கள்? வாங்கும் நாளின் விலையை மட்டும் பார்க்கவில்லை. வாங்கிய விலை, ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்பு, நின்றுபோன நாட்களில் ஊர் பட்ட பாடு ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார்கள். ஒரு கருவியின் உண்மையான விலை அதன் வாழ்நாள் முழுவதும் அதற்காக நாம் கொடுக்கும் தொகை. விலைச்சீட்டில் தெரிவது அதன் ஒரு பகுதியே.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பில் சைக்கிளில் வருபவர்கள் எத்தனை பேர்? முப்பது பேர் இருந்தால் நல்ல ஆய்வுக்கூடம் கிடைத்துவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பிரேக் கட்டை, பிரேக் கம்பி, செயின், ட்யூப் என்று நான்கு பத்திகள். ஒவ்வொன்றும் என்றைக்குப் பொருத்தப்பட்டது, என்றைக்குப் பழுதானது, என்ன செலவானது, பள்ளிக்கு எவ்வளவு தாமதமானது என்று ஓராண்டு எழுதி வாருங்கள்.

ஆண்டு முடிவில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தப் பாகம் வயதால் பழுதாகிறது? அதற்கு மேலே போட்ட கணக்கைப் போட்டுத் தவணை குறியுங்கள். எந்தப் பாகம் முன்கூட்டியே சைகை காட்டுகிறது? பிரேக் கட்டையின் தேய்மானத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். எந்தப் பாகம் தற்செயலாகப் பழுதாகிறது? அதற்கு உதிரிப் பாகத்தையோ பஞ்சர் பெட்டியையோ கையில் வைத்திருங்கள். பிரேக் மட்டும் உயிர்காக்கும் பாகம் என்பதால் அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வீட்டில் தறி இருப்பவர்கள் தறிக்கே இந்த நோட்டைப் போடலாம். கயிறு மாற்றிய தேதியைத் தறிக்குப் பக்கத்துச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்தாலும் போதும். இரண்டு ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால், எத்தனை பாவுக்கு ஒரு முறை கயிற்றை மாற்றுவது என்பதை உங்கள் வீட்டுத் தறியே சொல்லிவிடும்.